உங்களுக்குத் தெரியுமா? தேர்வுக் கணக்கில் வராத பிள்ளைகள்

★ அமெரிக்காவில் நம்மூர்ப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு போல நாடு முழுக்கப் பழகிப்போன ஒன்று கிடையாது. அதற்குப் பதில் 3ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும், பிறகு உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறை, வாசிப்பிலும் கணக்கிலும் மாநிலத் தேர்வு வைக்கிறார்கள். மதிப்பெண் பிள்ளைக்கு மட்டுமல்ல, பள்ளிக்கும்தான். எந்தப் பள்ளி தேறியது, எது தேறவில்லை என்று அரசு பார்ப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். அதனாலேயே, மாற்றுத்திறனாளி மாணவர்கள் அந்தத் தேர்வில் உட்காருவார்களா, எப்படி உட்காருவார்கள் என்பது அங்கே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓயாத வழக்காக இருக்கிறது.

★ 1975ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு கணக்கெடுத்தது. உடற்குறை, அறிவுத்திறன் குறைபாடு என்று காரணம் சொல்லி அரசுப் பள்ளியின் வாசலையே மிதிக்க விடாமல் வைத்திருந்த பிள்ளைகள் 10 லட்சத்துக்கும் மேல்! அந்த ஆண்டு நவம்பர் 29 அன்று, எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி என்ற சட்டத்தில் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்டார். மனமில்லாமல்தான். கொடுக்க முடியாததை இந்தச் சட்டம் வாக்களிக்கிறது என்று கையெழுத்திட்ட கையோடு அறிக்கையும் விட்டார். அதில் அவர் வாக்கு பலித்தது என்றே சொல்ல வேண்டும். நாட்டில் ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்று அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. இன்றும் அதில் பாதிகூட வந்து சேர்வதில்லை.

★ அந்தச் சட்டம் பள்ளியில் இடம் வாங்கித் தந்தது. மாநிலத் தேர்வைப் பற்றி மூச்சு விடவில்லை. விளைவு? பிள்ளை வகுப்பில் இருப்பான், தேர்வு நாளில் இருக்க மாட்டான். 'நாளைக்கு வீட்டிலேயே இருக்கட்டும்' என்று பெற்றோருக்குச் சொல்லியனுப்புவது, அன்றைக்கென்று பார்த்துச் சுற்றுலா அழைத்துப் போவது, எழுதிய விடைத்தாளைத் திருத்தாமலே ஓரங்கட்டுவது என்று வழிகளுக்கா பஞ்சம்? நாடு முழுக்க மாதிரி எடுத்து நடத்தும் தேசிய மதிப்பீட்டுத் தேர்விலேயே 1990களின் தொடக்கத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் விடுபட்டிருந்தார்கள்.

★ இன்னொரு வழி, சுமாராகப் படிக்கும் பிள்ளையைச் சிறப்புக் கல்விப் பிரிவுக்குத் தள்ளிவிடுவது. அந்நாளில் அங்கே போய்விட்டால் அவன் மதிப்பெண் பள்ளியின் கணக்கில் ஏறாது. நியூயார்க் மாநிலத்தில் தேர்வு முடிவுகள் வெளியாகத் தொடங்கிய பிறகு பள்ளிகள் சின்ன வகுப்புகளில் பிள்ளைகளை நிறுத்தி வைப்பதும் சிறப்புக் கல்விக்கு அனுப்புவதும் கூடியதை ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1992இல் எழுதினார்கள். வாசிப்புச் சராசரி உயர்ந்தது என்று பள்ளிகள் மார்தட்டிக்கொண்டிருந்தபோது, சராசரியிலிருந்து யாரைக் கழித்தீர்கள் என்று கேட்டவர்கள் இவர்கள்.

★ எல்லோரையும் கணக்கில் சேர்த்தே தீருவது என்று முதலில் துணிந்தது பணக்கார மாநிலம் எதுவும் இல்லை, கென்டக்கி. 1989இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஏதோ ஒரு விதியை மட்டும் செல்லாது என்று சொல்லவில்லை, மாநிலத்தின் பள்ளி அமைப்பு மொத்தத்தையும் அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே புதிய கல்விச் சட்டம் வந்தது. தேர்வே எழுத முடியாத பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, அவர்களுக்கென்று ஒரு கோப்பு முறையைக் கொண்டுவந்தார்கள். பிள்ளை எப்படித் தொடர்புகொள்கிறான், அவனுடைய அன்றாட நேர அட்டவணை என்ன, செய்த வேலைகளின் மாதிரிகள் எவை என்று எல்லாம் அதில் இருக்கும். பெற்றோர் எழுதிய கடிதம்கூட உண்டு. அந்தக் கோப்புக்கு மதிப்பெண் போட்டார்கள். அந்த மதிப்பெண்ணுக்கும் மற்றப் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கும் பள்ளிக் கணக்கில் ஒரே எடை! பேச்சே வராத ஒரு சிறுமியின் ஆண்டு உழைப்பு, வகுப்பில் முதலாவதாக வரும் மாணவனின் மதிப்பெண்ணுக்கு இணையாகத் தலைமையாசிரியரின் மேசைக்கு வந்தது. சட்டம் போட்டு மனசை மாற்ற முடியாது என்பார்கள். கணக்கை மாற்றினால் மனசு தானாக மாறும் என்பது என் கட்சி.

★ நாடு முழுமைக்கும் அந்த விதி வந்தது 1997இல். ஜூன் 4 அன்று 1975ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்ட திருத்தத்தின்படி, மாநிலத் தேர்வுகளில் மாற்றுத்திறனாளி மாணவர்களையும் சேர்த்தாக வேண்டும், தேவையான சலுகைகளைத் தர வேண்டும், அப்படியும் எழுத முடியாதவர்களுக்கு 2000ஆம் ஆண்டு ஜூலை 1க்குள் மாற்றுத் தேர்வு தயாராக இருக்க வேண்டும். அதுவரை கென்டக்கி, மேரிலாந்து போல ஒன்றிரண்டு மாநிலங்களிடம்தான் அப்படி ஒன்று கைவசம் இருந்தது.

★ அந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று. சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர், ஆசிரியர், பள்ளி நிர்வாகி ஆகியோர் கூடி உட்கார்ந்து ஆண்டுதோறும் ஒரு தனிநபர் கல்வித் திட்டம் எழுதுகிறார்கள். சுருக்கமாக ஐ.இ.பி. பிள்ளை தேர்வை எப்படி எழுதுவான் என்று அந்தக் குழு முடிவு செய்யலாம். எழுதுவானா மாட்டானா என்று முடிவு செய்யும் அதிகாரம் அதற்குக் கிடையாது.

★ 'பாவம், அந்தக் குழந்தைகளை எதற்கு வதைக்க வேண்டும்?' என்று கேட்பவர்கள் எந்தக் குழந்தையை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள்? 2022-23 கல்வியாண்டுக் கணக்குப்படி அமெரிக்காவில் சிறப்புக் கல்வி பெற்றவர்கள் சுமார் 75 லட்சம் பேர். அரசுப் பள்ளி மாணவர்களில் 15 சதவீதம். சட்டம் 13 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அதில் பெரிய கூட்டம் எது தெரியுமா? டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு உள்ளவர்கள், மூன்றில் ஒருவர். அடுத்த இடம் பேச்சு, மொழிக் குறைபாடு. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் 6 சதவீதம்தான். ஆக, நமக்கு வரும் இரக்கம் பெரும்பாலும் ஆள் மாறி விழுகிறது. அந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் மற்றவர்கள் எழுதும் அதே தேர்வை எழுதக் கூடியவர்கள், கொஞ்சம் வழிவிட்டால் போதும்.

★ வழிவிடுவது என்றால் எப்படி? கூடுதல் நேரம், நடுவில் ஓய்வு, தனியறை, பெரிய எழுத்து, பிரெய்ல், வினாவை வாசித்துக் காட்டுவது, சைகை மொழிக் காணொளி, பேசினால் எழுதும் கணினி என்று பட்டியல் நீளம். ஆனால், எதைக் கொடுத்தாலும் சோதிக்கும் விஷயத்தை அது தின்றுவிடக் கூடாது. இங்கேதான் வேடிக்கை. ஒரு கணக்கு வினா: 'ஆறாயிரத்து நாற்பது என்பதை எண்ணால் எழுதினால் எப்படி இருக்கும்?' கீழே நான்கு விடைகள்: 640, 6004, 6040, 6400. பார்வைக் குறைபாடுள்ள மாணவிக்கு உதவ, அறைக் கண்காணிப்பாளர் விடைகளையும் சத்தமாக வாசிக்கிறார். மூன்றாவது விடையை 'ஆறாயிரத்து நாற்பது' என்று வாசித்த நொடியே தேர்வு முடிந்தது! அதனால்தான் இப்படிப்பட்ட வினாக்களில் எண்ணை வாசிக்கக் கூடாது என்று வாசிப்பவர்களுக்கான கையேட்டிலேயே எழுதி வைக்கிறார்கள்.

சைகை மொழியில் சங்கடம் இன்னும் கூடுதல். அமெரிக்கச் சைகை மொழியில் 'முக்கோணம்' என்று சொல்ல இரண்டு ஆள்காட்டி விரல்களால் காற்றில் முக்கோணத்தையே வரைந்து காட்டுவார்கள். 'இவற்றில் முக்கோணம் எது?' என்று சைகையில் கேட்டால், கேள்வியே விடை. இப்படிப்பட்ட இடங்களில் சைகைக்குப் பதில் விரலால் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

★ நம்மூர் அரசுத் தேர்வுகளில் 'சொல்வதை எழுதுபவர்' என்கிறோமே, அவர் அங்கேயும் உண்டு. அவருக்கான விதிகள் கறாரானவை. மாணவன் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். இலக்கணப் பிழை இருந்தால் பிழையோடுதான் எழுத வேண்டும். புருவத்தை உயர்த்தக்கூட உரிமை இல்லை. எழுத்துத் திறனைச் சோதிக்கும் தேர்வு என்றால், முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் எங்கே வர வேண்டும் என்பதை மாணவனே சொல்ல வேண்டும் என்று பல மாநிலங்களில் விதி.

★ வாசித்துக் காட்டினால் எல்லோருடைய மதிப்பெண்ணும்தானே ஏறும், இது என்ன நியாயம்? 1998இல் ஒரிகனில் ஜெரால்ட் டின்டலும் உடன் ஆய்வாளர்களும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கணக்கு வினாக்களை வாசித்துக் காட்டியபோது சிறப்புக் கல்விப் பிள்ளைகளின் மதிப்பெண் ஏறியது, மற்றவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. அதாவது அவர்களுக்குக் கணக்கு தெரியும், வினாவை வாசிப்பதுதான் முட்டுக்கட்டை. கூடுதல் நேரத்தின் கதை இவ்வளவு தெளிவில்லை. ஸ்டீஃபன் சிரேசி குழுவினர் 2005இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி கூடுதல் நேரம் தந்தால் இரு தரப்புக்கும் பலன் உண்டு, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பலன் அதிகம். அப்படியானால் எல்லோருக்கும் நேரத்தைத் தாராளமாகக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றுகிறதா? பல மாநிலங்கள் சேர்ந்து உருவாக்கிய 'ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு' தேர்வுகளுக்கு நேர வரம்பே கிடையாது.

★ கணினித் தேர்வு வந்த பிறகு இன்னொரு நல்லது நடந்தது. முன்பு வினாவை வாசித்துக் காட்ட வேண்டுமானால் அந்தப் பிள்ளையைத் தனியறைக்கு அழைத்துப் போக வேண்டும். வகுப்பே வேடிக்கை பார்க்கும். இப்போது ஹெட்போன் மாட்டிக்கொண்டு தன் இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்.

★ எழுத்துப் பிழை திருத்தும் கருவிக்காக ஒரு மாநிலமே நீதிமன்றப் படி ஏறியிருக்கிறது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் ஆண்டு முழுவதும் வகுப்பில் அந்தக் கருவியை வைத்து எழுதுவார்கள். மாநிலத் தேர்வில் மட்டும் கூடாது என்றது ஒரிகன். 1999இல் தொடுத்த வழக்கு 2001இல் சமரசத்தில் முடிந்தது. ஒரு சலுகை தேர்வைக் கெடுக்கிறது என்றால் அதை மெய்ப்பிக்க வேண்டியது மாநிலத்தின் பொறுப்பு, கெடுக்கவில்லை என்று மெய்ப்பிப்பது பிள்ளையின் பொறுப்பல்ல என்பது அதன் சாரம்.

★ 2002ஆம் ஆண்டு ஜனவரி 8 அன்று ஒஹையோவின் ஹாமில்டன் நகரில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட சட்டத்தின் பெயர், 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது'. 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. நூற்றுக்கு நூறு! நடக்காத காரியம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே சட்டத்தில் உருப்படியான இரண்டு விதிகள் இருந்தன. மாற்றுத்திறனாளி மாணவர்களின் முடிவைத் தனியாகப் பிரித்து வெளியிட வேண்டும். அந்தப் பிரிவில் 95 சதவீதம் பேராவது தேர்வில் உட்கார்ந்திருக்க வேண்டும். சுற்றுலாக்கள் அதோடு நின்றன.

★ சுற்றுலா நின்றதும் கணக்கில் சூட்சுமம் தொடங்கியது. ஒரு பள்ளியில் அந்தப் பிரிவில் குறைந்தது இத்தனை பேர் இருந்தால்தான் முடிவைத் தனியாகக் கணக்கில் எடுப்போம் என்று ஒரு எண்ணை வைத்துக்கொள்ள மாநிலங்களுக்கு அனுமதி. பத்துப் பேர் இருந்தாலே கணக்கு என்று வைக்கலாம், 40, 50 என்றும் வைக்கலாம். எண்ணை உயர்த்த உயர்த்த, சின்னப் பள்ளிகளின் சிறப்புக் கல்விப் பிள்ளைகள் ஓசைப்படாமல் மறைந்துபோவார்கள்.

★ மாற்றுத் தேர்வுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. மிகக் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே அது. தேர்வெழுதும் மொத்த மாணவர்களில் மாநில அளவில் 1 சதவீதத்துக்கு மேல் அதை எழுதக் கூடாது என்று, புஷ் காலச் சட்டத்துக்குப் பதிலாக 2015இல் வந்த சட்டம் சொல்கிறது. மீறினால் மத்திய கல்வித் துறையிடம் விலக்குக் கேட்டுக் கைகட்டி நிற்க வேண்டும். இதற்கு நடுவில் 2007இல் '2 சதவீதத் தேர்வு' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முழுத் தேர்வும் முடியாது, மாற்றுத் தேர்வும் பொருந்தாது என்று நடுவில் நிற்கும் பிள்ளைகளுக்கு எளிமையாக்கிய வினாத்தாள். டெக்சாஸ் உள்ளிட்ட சில மாநிலங்கள் ஆர்வமாகப் பிடித்துக்கொண்டன. பாடத்தையும் எளிமையாக்கிக் கற்பிக்க இது நல்ல சாக்காகிவிட்டது என்ற குற்றச்சாட்டு வலுத்து, 2015இல் அதற்கு மூடுவிழா நடத்தினார்கள். சரியான முடிவு.

★ அந்த 1 சதவீதத்தினரின் தேர்வு எப்படி இருக்கும்? கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவாகிப் பல மாநிலங்களில் நடக்கும் 'டைனமிக் லேர்னிங் மேப்ஸ்' தேர்வை எடுத்துக்கொள்வோம். ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர் உட்கார்வார்கள். முதலில் பிள்ளையின் கவனத்தை ஈர்க்க ஒரு சின்னச் செயல். அடுத்து மூன்று முதல் ஒன்பது வினாக்கள், அவ்வளவே. புகைப்படங்களோடு ஒரு குட்டிக் கதை இருக்கலாம். மேசைமேல் பொருள்களை வைத்துக் கேட்கும் கேள்வியாக இருக்கலாம். விடையை விரலால் சுட்டலாம், ஒரு பொத்தானை அழுத்தலாம், சரியான படத்தைக் கண்ணால் உற்றுப் பார்க்கலாம். கண் எங்கே நிலைத்தது என்பதை ஆசிரியர் குறித்துக்கொள்வார். வாசிப்பிலும் கணக்கிலும் ஒவ்வொரு பாடப்பொருளுக்கும் ஐந்து படிநிலைகள். எல்லோருக்கும் ஒரே படியில் கேள்வி வராது.

★ எந்த விதியும் கண்ணை மூடிக்கொண்டு ஓடினால் என்ன ஆகும் என்பதற்குப் புளோரிடா சாட்சி. பிறவியிலேயே மூளை பாதித்த, பார்வையும் இல்லாத 11 வயதுச் சிறுவன் 2014 பிப்ரவரியில் மரணப் படுக்கையில் இருந்தான். அந்த நிலையிலும், தேர்விலிருந்து விலக்கு வேண்டுமானால் அவன் அந்திமப் பராமரிப்பில் இருக்கிறான் என்று கடிதம் தர வேண்டும் என்று அவன் தாயிடம் கேட்டார்கள். சில நாட்களில் சிறுவன் இறந்துபோனான். அந்த ஆண்டே, இத்தகைய கடும் நோயுள்ள பிள்ளைகளுக்கு விலக்குத் தரும் சட்டத்தை மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றியது. எல்லோரையும் சேர்க்க வேண்டும் என்று வாதாடுபவர்களும் இந்தக் கதையைத் தெரிந்துதான் வைத்திருக்க வேண்டும்.

★ 2013இல் தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் மேரிலாந்தின் வாசிப்பு மதிப்பெண் ஜொலித்தது. பின்னால் பார்த்தால், வாசிப்புத் தேர்விலிருந்து மாணவர்களை விலக்கி வைத்ததிலும் நாட்டிலேயே முதலிடம் மேரிலாந்துக்குத்தான். காரணம் வில்லங்கமானதல்ல. வாசிப்புப் பகுதியை வாசித்துக் காட்ட மாநிலம் அனுமதித்தது, தேசியத் தேர்வு அனுமதிக்கவில்லை. வாசித்துக் காட்டாமல் தேர்வு கிடையாது என்று ஐ.இ.பி.யில் எழுதியிருந்த பிள்ளைகள் வெளியே நின்றார்கள். 2015இல் அவர்களையும் சேர்த்ததும் மதிப்பெண் சரிந்தது.

★ டெக்சாஸ் கதை இதைவிட மோசம். 2004இல் அந்த மாநிலக் கல்வித் துறை ஓர் இலக்கு வைத்தது: ஒரு பள்ளி மாவட்டத்தில் சிறப்புக் கல்வி பெறுவோர் 8.5 சதவீதத்தைத் தாண்டினால் விளக்கம் சொல்ல வேண்டும். அப்போது நாட்டின் சராசரி சுமார் 13. வருடா வருடம் எண்ணிக்கை தேய்ந்து, ஏறக்குறைய அதே எண்ணில் வந்து நின்றது. ஆட்டிசம், டிஸ்லெக்சியா, கேட்கும் குறை என்று கதறிய பெற்றோர்களுக்குப் பள்ளிகள் ஏதேதோ சமாதானம் சொல்லி அனுப்பின. 2016இல் 'ஹூஸ்டன் கிரானிக்கிள்' நாளிதழ் தொடர் கட்டுரைகளாக இதைப் போட்டு உடைத்தது. 2017இல் மாநிலச் சட்டமன்றமே அந்த வரம்பைத் தடை செய்தது. 2018 ஜனவரியில் மத்திய கல்வித் துறை, டெக்சாஸ் சட்டத்தை மீறியது என்று அறிவித்தது. வரம்பு போனதும் எண்ணிக்கை 10 சதவீதத்தைத் தாண்டி ஏறியது. அத்தனை ஆண்டுகளும் அந்தப் பிள்ளைகள் அங்கேதான் இருந்தார்கள்.

★ கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வைக் கூடுதல் நேரத்தில் எழுதியவர்களின் மதிப்பெண் பக்கத்தில் ஒருகாலத்தில் அடையாளக் குறி போட்டு அனுப்புவார்கள். வழக்குகளுக்குப் பிறகு 2003இல் அந்தப் பழக்கம் ஒழிந்தது. இன்று சில மாநிலங்கள் எஸ்.ஏ.டி.யையே மாநிலத் தேர்வாக வைத்துக்கொண்டிருக்கின்றன. அப்படி வைத்தால், சலுகையோடு எழுதிய பிள்ளைக்கும் கல்லூரிக்கு அனுப்பத்தக்க மதிப்பெண் கிடைக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் சொல்கின்றன.

★ நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ உங்கள் அக்காவோ தம்பியோ இருந்து, அவர்கள் பிள்ளை சிறப்புக் கல்வியில் இருந்தால் இதைச் சொல்லுங்கள். ஐ.இ.பி. கூட்டத்தில் ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை. தாத்தா பாட்டி வளர்க்கும் வீடுகளுக்கு இது முக்கியம். தேர்வுக்குக் கேட்கும் சலுகை வகுப்பிலும் ஆண்டு முழுவதும் பழக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், தேர்வன்று காலையில் புதிதாக ஹெட்போன் மாட்டினால் பிள்ளை மிரண்டுபோகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளி 'மாற்றுத் தேர்வு' என்று பேச்செடுத்தால், அதனால் உயர்நிலைப் பள்ளிப் பட்டயம் கிடைக்காமல் போகுமா என்று நேராகக் கேட்கச் சொல்லுங்கள். கையெழுத்து வாங்குவதற்கு முன்பே அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது பள்ளிகளுக்குச் சட்டம் இட்ட கட்டளை.